இன்ஜினியரிங் வகுப்பு தொடங்குமுன் பிரிட்ஜ் கோர்ஸ்: தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு

கவுன்சிலிங் முடிந்து சீட் கிடைத்துவிட்டது, கல்லூரியிலிருந்து "பிரிட்ஜ் கோர்ஸ் இருக்கிறது, வாருங்கள்" என்று மெசேஜ் வந்திருக்கிறது. பள்ளிப் பாடத்துக்கும் கல்லூரிப் பாடத்துக்கும் பாலமாக, வகுப்பு தொடங்குமுன் நடத்தும் சிறு பயிற்சிதான் அது. போகலாமா, வீட்டில் ஓய்வெடுக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? போங்கள். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவர் என்றால் கட்டாயம் போங்கள். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைக்கும் பிள்ளைகள் பலருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, போர்டில் எழுதியிருப்பது தமக்கு ஏற்கெனவே தெரிந்த கணக்குதான் என்பதுதான் தெரிவதில்லை. அணிக்கோவை என்று படித்தவருக்கு டிடர்மினன்ட் என்ற சொல் புதிது, அவ்வளவுதான்.

அதனால் கோர்ஸ் தொடங்குவதற்கு முன்பே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். தமிழ்நாடு அரசுப் பாடநூல்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிளஸ் டூ கணிதப் புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாடமும் கணக்கும் ஒன்றேதான், மொழி மட்டும்தான் வேறு. தமிழில் ஒரு கணக்கைப் படித்துவிட்டு அதையே ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படியுங்கள். சார்பு என்றால் ஃபங்ஷன், எல்லை என்றால் லிமிட், நேர்மாறு என்றால் இன்வர்ஸ், வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ் என்று ஒரு நோட்டில் நீங்களே எழுதி வாருங்கள், ஏனென்றால் அடுத்தவர் எழுதிக் கொடுத்த பட்டியல் மனதில் நிற்காது.

அப்புறம் பிளஸ் ஒன். சில பள்ளிகளில் அதை அவசரமாக முடித்துவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவிவிடுகிறார்கள், ஆனால் எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாவற்றுக்கும் அடித்தளம் பிளஸ் ஒன் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில்தான் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்ட விதிமுறையில், முதல் செமஸ்டர் கணிதத்தின் பெயரே மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ். அதில் ஐகன் வேல்யூவும் கெய்லி-ஹாமில்டன் தேற்றமும் உங்களுக்குப் புதிது, ஆனால் பகுதி வகைக்கெழு பிளஸ் டூவிலேயே இருக்கிறது. ரெகுலேஷன் மாறும், ஆகவே உங்களுக்கு உரிய சிலபஸை முதலில் வாங்கி, எது பழையது எது புதியது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

கோர்ஸில் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி இருந்தால் வேடிக்கை பார்க்காமல் கீபோர்டில் கை வையுங்கள். லேப்டாப் இல்லையா, பரவாயில்லை, புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கும் கூகுள் கோலாப் தளம் போன் பிரவுசரிலேயே திறக்கும். ஒரு எண் ஒற்றையா இரட்டையா, மூன்று எண்களில் எது பெரியது என்ற அளவில் தினம் இரண்டு புரோகிராம் நீங்களே எழுதிப் பாருங்கள், போதும்.

பணம் பற்றியும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கோர்ஸுக்குத் தனிக் கட்டணமா, அந்த நாட்களுக்கு ஹாஸ்டலும் மெஸ்ஸும் கணக்கில் சேருமா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம். வெளியில் சில சென்டர்கள் பெரிய தொகை கேட்டு இதே பாடத்தை நடத்துகின்றன, அது தேவையில்லை. உங்கள் கல்லூரியில் பிரிட்ஜ் கோர்ஸ் இல்லையென்றால் மேலே சொன்ன பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களோடு மூன்று வாரம், தினம் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. சொல்லும் மூன்று வார இண்டக்‌ஷன் வேறு, அது கல்லூரிச் சூழல் பழகுவதற்கு. இதற்கு அது ஈடாகாது.

கோர்ஸின் முதல் நாள் முன் பெஞ்சில் உட்கார்ந்து, வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் போய், "நான் தமிழ் மீடியம் சார், புரியாத சொல் வந்தால் நடுவில் கேட்பேன்" என்று சொல்லிவிடுங்கள். மறுநாளே ஒன்றைக் கேளுங்கள்.