பூவரசை மூன்று தரம் பாருங்கள்: ஊரில் செடிகொடி படம் எடுக்க

பிள்ளைகளின் விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் சேர்ந்து வருவதால், வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் யூலை, ஓகஸ்டில்தான் யாழ்ப்பாணம் போகிறோம். இறங்கியதும் "என்ன இப்படிக் காய்ஞ்சு கிடக்கு?" என்பதுதான் முதல் பேச்சு. பச்சை வேண்டுமென்றால் மாரி மழையோடு, கார்த்திகை மார்கழியில் போக வேண்டும். ஆனால் வடிவம் பார்க்கக் கோடைதான் நல்லது என்பேன்.

வெளிச்சத்தில் கவனம் வேண்டும். ஓகஸ்ட் கடைசியில் நண்பகல் வெயில் அங்கே நேர் உச்சியில் நிற்கும்; நிறமெல்லாம் வெளிறிப் போகும். காலை 6 முதல் 8 மணி வரை, இல்லாவிட்டால் பின்னேரம் 4.30க்குப் பிறகு எடுங்கள். கனடாவிலிருந்து போகிறவர்களுக்கு எப்படியும் நித்திரை குழம்பி விடியற்புறம் விழிப்பு வந்துவிடும், அதை வீணாக்க வேண்டாம்.

எதை எடுப்பது? அம்மம்மா வீட்டு வேலியிலேயே தொடங்கலாம். பூவரசம்பூ காலையில் வெளிர்மஞ்சள், உள்ளே அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. பின்னேரமாக அதே பூ மெல்லச் சிவந்து, ஊதா கலந்த நிறத்துக்குப் போய் வாடும். சின்ன வயதில் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதோடு சரி, பூ நிறம் மாறுவதை நான் கவனித்ததேயில்லை. ஒரு பூவுக்கு அடையாளம் வைத்து, காலை, மதியம், பொழுதுபடும் நேரம் என்று ஒரே கோணத்தில் மூன்று படம் எடுங்கள். பூ முழுதாக விரியாமல் மணிபோலக் கவிழ்ந்து நிற்கும். போனைக் கீழே பிடித்து மேல்நோக்கி எடுத்தால்தான் பொட்டுத் தெரியும்.

பனையை எல்லாரும் தூர நின்று, சூரியன் மறையும்போது கறுப்பு நிழலாக எடுக்கிறார்கள். போதும், நிறையப் பார்த்தாயிற்று. வடலிக்கு, அதாவது இளம் பனைக்கு, கிட்டப் போங்கள். குருத்தோலையின் மடிப்பு விசிறிபோல ஒழுங்காக விரியும். வெயிலுக்கு எதிரே நின்றால் ஒவ்வொரு மடிப்பும் ஒளிரும். ஓகஸ்டில் பனம்பழமும் விழும். கரிய தோலைப் பிய்த்தால் உள்ளே செம்மஞ்சள் தும்பு. காய்ந்து கிடக்கிற வளவில் அதைப்போல் ஒரு நிறம் வேறு கிடையாது.

அப்புறம் வடமராட்சிக் கரையோர ஊரான மணற்காட்டின் மணல்மேடுகள். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று மேடைகளில் கேட்டவர்கள் கொடியை அங்கே நேரில் பார்க்கலாம். இலை ஆட்டுக் குளம்புபோல நடுவில் பிளந்திருக்கும், பூ இளஊதா. மதியத்துக்குப் பிறகு பூ சுருங்கிவிடும் என்பதால் காலையிலேயே போங்கள். பக்கத்தில் பந்துபோல முள்முள்ளாக இருப்பது இராவணன் மீசை என்கிற கடற்கரைப் புல். முழங்காலிட்டுப் படம் எடுக்கும் முன் கீழே பார்த்துக்கொள்ளுங்கள்!

மாரியில் போகிறவர்களுக்குக் கார்த்திகைப்பூ. ஆறு இதழும் பின்னோக்கி வளைந்திருக்கும். பச்சை கலந்த மஞ்சளில் தொடங்கி முழுச் சிவப்பில் முடியும். ஒரே கொடியில் எல்லா நிலையும் கிடைக்கும். போன் கமரா அந்தச் சிவப்பை ஒரே கறையாக்கிவிடும். திரையில் பூவை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் குறைத்தால் இதழின் நெளிவு வரும். கிழங்கு முதல் விதை வரை நஞ்சு, பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் கமராக் கண்ணாடி புகைபிடித்தாற்போல ஆகும். பத்து நிமிடம் பொறுங்கள். படைமுகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி வேண்டும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பற்றைக்குள், எந்தப் பூவுக்காகவும் இறங்காதீர்கள்.

அடுத்த வீட்டு வளவுக்குள் கமராவை நீட்டும் முன், படலையில் நின்று "அம்மா, இந்தப் பூவை ஒரு படம் எடுக்கட்டோ?" என்று கேளுங்கள். "உந்தப் பூவையோ?" என்று சிரித்துவிட்டு, பின்வளவில் இன்னும் நல்லது நிற்கிறதென்று கூட்டிப் போவார்கள். தேத்தண்ணிக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.