நீலகிரிக்கு முப்பரிமாண வரைபடம்: நகர்வு, தேடல், உதவி மூன்றையும் வடிவமைக்கும் முறை

தட்டையான வரைபடத்தில் ஊட்டியும் கோத்தகிரியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நடுவே 2,637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா நிற்பது அதில் உறைக்காது. மலை ஊர்களுக்கு முப்பரிமாண வரைபடம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆனால் மலையைத் திரையில் சுழலவிட்டதுமே பார்ப்பவர் வழி தவறிப்போவார். அதனால் ஓர் இடத்துக்குப் போகும் வழியைச் செய்வதற்கு முன்பே, அங்கிருந்து திரும்பும் வழியைச் செய்துவிடுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன.

ஜாவாஸ்கிரிப்ட் கொஞ்சம் தெரிந்தால் போதும். உலாவியில் முப்பரிமாணக் காட்சியை வரைந்துதரும் த்ரீ ஜேஎஸ் என்ற நிரல் நூலகத்தை வைத்து விளக்குகிறேன்.

படி 1: தாளில் மூன்று வேலைகள்

கணினியைத் திறக்க வேண்டாம். உங்கள் வரைபடத்தை வைத்து ஒருவர் என்ன செய்யப்போகிறார் என்று எழுதுங்கள். "லவ்டேல் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது?", "குன்னூரிலிருந்து பார்த்தால் எந்த மலை தெரியும்?", "கல்லட்டி சாலை எவ்வளவு செங்குத்து?" இந்த மாதிரி மூன்று போதும். இவற்றுக்கு உதவாத பொத்தான் எதையும் திரையில் வைக்காதீர்கள்.

படி 2: மலையை எழுப்புதல்

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடார் மூலம் எடுத்த உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. தொடக்கத்துக்கு இது தாராளம். பல வரைபடங்களில் அழகுக்காக உயரத்தை இரண்டு, மூன்று மடங்காக இழுத்துவிடுகிறார்கள். இங்கே அது தேவையே இல்லை. மேட்டுப்பாளையம் 326 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டருக்கு அருகில். இந்த ஏற்றம் உள்ளபடியே கண்ணுக்குத் தெரியும். சரிவைப் பார்த்துப் பயணத்தை முடிவு செய்பவருக்குப் பொய்யான சரிவைக் காட்டக் கூடாது.

படி 3: நகர்வு

விரல் அசைவைக் காட்சியின் அசைவாக மாற்றும் ஆயத்த நிரல்கள் த்ரீ ஜேஎஸ்ஸில் உண்டு. பெரும்பாலோர் ஆர்பிட் கன்ட்ரோல்ஸை எடுப்பார்கள். அதில் ஒரு விரலால் இழுத்தால் காட்சி சுழலும். ஆனால் கைப்பேசி வரைபடத்தில் நம் விரல் பழகியது வேறு: இழுத்தால் நிலம் நகர வேண்டும். மேப் கன்ட்ரோல்ஸ் அப்படித்தான் வேலை செய்கிறது. ஒரு விரல் நகர்த்தும், இரண்டு விரல் சுழற்றும், பெரிதாக்கும். அதையே எடுங்கள்.

அடுத்து எல்லைகள். திரைக் காட்சியைப் பார்க்கும் கற்பனைக் கண்ணைக் கேமரா என்பார்கள். அது எவ்வளவு சாயலாம் என்பதை முடிவு செய்யும் மேக்ஸ் போலார் ஆங்கிள் என்ற மதிப்பை 80 பாகைக்கு அருகில் நிறுத்துங்கள். கட்டுப்படுத்தாமல் விட்டால் கேமரா மண்ணுக்கு அடியில் போய், மலையின் உள்பக்கம் தெரியும். நம் மலைகளில் இது மட்டும் போதாது. சாய்வு சரியாக இருந்தாலும், பக்கத்துச் சரிவுக்குள் கேமரா புகுந்துவிடும். அதனால் ஒவ்வொரு நகர்விலும் கேமராவுக்கு நேர் கீழே நிலம் எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டு, அதற்குச் சற்று மேலேயே கேமராவை வைத்திருங்கள்.

இப்போது திரும்பும் வழி. "முழு மலை" என்று எழுதிய ஒரு பொத்தான், "முந்தைய இடம்" என்று எழுதிய இன்னொன்று. வெறும் படக்குறி வேண்டாம், எழுத்தே இருக்கட்டும். கைப்பேசியின் பின்செல் பொத்தானை அழுத்தினாலும் பக்கம் மூடக் கூடாது, முந்தைய காட்சிக்குப் போக வேண்டும். பொத்தான்களுக்கு ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 48 டிபி (திரையில் அளவைக் குறிக்கும் அலகு) அளவு, அதாவது சுமார் 9 மில்லிமீட்டர், குறையவே கூடாது. மார்கழிக் குளிரில் விறைத்த விரல் அதைவிடச் சிறியதைச் சரியாகத் தொடாது.

திசைகாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மலையில் யாரும் வடக்கு, தெற்கு என்று வழி சொல்வதில்லை. "கீழே போறேன்" என்றால் கோவைக்கு என்று அர்த்தம். ஆகவே திரை ஓரங்களில் "மேட்டுப்பாளையம் பக்கம்", "கூடலூர் பக்கம்", "மசினகுடி பக்கம்" என்று காட்டுங்கள். காட்சி சுழலும்போது அவையும் சேர்ந்து நகரட்டும்.

படி 4: தேடல்

தமிழில் தேடல் செய்பவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நிதானமாகச் செய்யுங்கள்.

முதலில் எழுத்துக் குறியீடு. "தொட்டபெட்டா"வின் "தொ" ஒருங்குறியில் (யூனிகோடில்) இரண்டு வகையாகச் சேமிக்கப்படலாம். ஒன்றில் ஒகரக் குறி ஒரே குறியீடு; மற்றொன்றில் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஊர்ப் பட்டியலையும் பயனர் அடித்ததையும் ஒப்பிடும் முன் ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் செயல்பாட்டின் வழியே, பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்.எஃப்.சி. வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது வேற்றுமை உருபு. "ஊட்டியில்" என்று அடித்தால் "ஊட்டி" அதன் தொடக்கத்தில் இருக்கிறது, பிடித்துவிடலாம். ஆனால் "குன்னூருக்கு" என்று அடித்தால் கடைசிப் புள்ளி போய் உகரம் வந்துவிடும், நிரல் கைவிரித்துவிடும். ஒப்பிடும்போது மட்டும் ஊர்ப்பெயரின் இறுதிப் புள்ளியை நீக்கிவிட்டுப் பாருங்கள், பொருந்தும்.

ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஓர் ஊருக்கே போக வேண்டும். ஆங்கில எழுத்தில் அடிப்பவரையும் மறக்க வேண்டாம்.

முடிவுகளைக் காட்டும்போது பெயர் மட்டும் போதாது. "கல்" என்று அடித்தால் கல்லாறும் வரும், கல்லட்டியும் வரும். இரண்டும் மலையின் எதிரெதிர்ப் பக்கங்கள். "கல்லாறு, ரயில் நிலையம், மேட்டுப்பாளையம் பக்கம்", "கல்லட்டி, அருவி, மசினகுடி சாலை" என்று ஒவ்வொரு வரியும் தன்னை விளக்கட்டும். பின்னாளில் பழனி மலைத்தொடரைச் சேர்த்தால் இது இன்னும் முக்கியம். டால்பின் நோஸ் குன்னூரிலும் உண்டு, கொடைக்கானலிலும் உண்டு.

படி 5: தேடிய இடத்துக்குக் கொண்டுபோவது

ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்குக் கேமராவை நேர்கோட்டில் நகர்த்தினால் தொட்டபெட்டா மலைத்தொடரில் முட்டும். முதலில் மேலே எழுப்புங்கள், பிறகு நகர்த்துங்கள், கடைசியில் இறக்குங்கள். போகிற வழியில் நடுவே என்ன மலை இருக்கிறது என்பதும் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கேமராவோடு சேர்த்து டார்கெட் என்ற சுழல்மையத்தையும் நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் கோத்தகிரியில் நின்றுகொண்டு சுழற்றும்போது காட்சி பழைய ஊட்டியைச் சுற்றும். சாதனத்தில் அசைவைக் குறைக்கும் அமைப்பை வைத்திருப்பவருக்குத் தலைசுற்றல் இருக்கலாம். அவருக்குப் பறக்கும் காட்சி வேண்டாம், நேரே இடத்தைக் காட்டிவிடுங்கள்.

படி 6: உதவி

உதவியைத் தனிப் பக்கமாக ஒதுக்கிவைத்தால் தொலைந்தவர் அங்கே வரமாட்டார். திரையில் வானம் மட்டும் தெரிகிறதா? அந்த நேரத்தில் ஒரு வரி: "மலை மறைந்துவிட்டதா? இங்கே தொடுங்கள்." தேடலில் எதுவும் கிடைக்கவில்லையா? நெருங்கிய எழுத்துள்ள ஊர்களைக் காட்டுங்கள். "கேமராவைச் சுழற்றுக" என்று எழுதாதீர்கள். "இரண்டு விரலால் திருப்பினால் மலையின் அடுத்த பக்கம் தெரியும்" என்று எழுதுங்கள். வாசகங்கள் முழுவதும் சாதனத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காமல் போகும் இடங்களில்தான் உதவி தேவைப்படும்.

படி 7: கையில் கொடுத்துப் பார்ப்பது

கணினி படித்தவரிடம் கொடுக்காதீர்கள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்காவிடம் கொடுத்து, "அக்கா, ஹில்குரோவ் ஸ்டேஷனைக் கொஞ்சம் தேடிக் காட்டுங்க" என்று கேளுங்கள். அதற்குப் பிறகு வாய் திறக்கக் கூடாது. "மலை எங்கப்பா போச்சு?" என்று அவர் கேட்டால் பதில் சொல்லாமல், விரல் எங்கே தேடுகிறது என்று பாருங்கள். "முழு மலை" பொத்தான் அந்த இடத்தில் இல்லையென்றால், அங்கே மாற்றி வையுங்கள். பிறகு அதே வேலையை வேறொருவரிடம், இந்த முறை இணையத்தை அணைத்துவிட்டு, கொடுங்கள்.