அடையாற்றுச் சண்டைக்கு ஒரு பொம்மைப் படை

1746-இல் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே இந்த மொரிஷியஸ் தீவிலிருந்து கப்பல்களோடு போய்ச் சென்னையைப் பிடித்தார். அதே ஆண்டு பிரெஞ்சுத் தளபதி பராடியின் கீழ் ஏறக்குறைய ஆயிரம் பேர் அடையாற்றைக் கடந்து, ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் பத்து மடங்கு பெரிய படையைக் கலைத்தார்கள். மேசைமேல் போர் ஆட்டம் ஆட, மொரிஷியஸில் 28 மி.மீ. உயரப் பொம்மை வீரர்களுக்கு வண்ணம் தீட்டத் தொடங்குகிறவர்கள் முதலில் எடுக்கவேண்டிய சண்டை இதுதான்.

ஒரு பொம்மைக்கு 20 பேர் என்று கணக்கு வையுங்கள். பிரெஞ்சுக்காரர் 15, அவர்களோடு நின்ற இந்தியச் சிப்பாய்கள் 35. நவாப் பக்கம் 500 தீட்டவேண்டாம், 80 போதும். கலைந்துபோன குழுவை அடுத்த சுற்றில் பின்வரிசையிலிருந்து புதுக் குழுவாக இறக்கலாம்.

உலோகப் பொம்மையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தால் பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பிறகு உரிந்து வரும். வளைந்த பயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) ஒரே முறை நிமிர்த்துங்கள். திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும்.

கஷ்டமான வேலை பிரெஞ்சுக் கோட்டு. அது சுத்த வெள்ளை இல்லை, சாயம் ஏற்றாத கம்பளி. வெள்ளையையே அடியில் பூசினால் மடிப்புக்கு நிழல் கிடைக்காது, பொம்மை சுண்ணாம்புக் கட்டிபோல நிற்கும். வெள்ளை மூன்று துளி, பழுப்பு ஒரு துளி, கருப்பு பிரஷ் நுனியளவு: இதுதான் அடிநிறம். அதில் வெள்ளை கூட்டி, மடிப்புக் குழிகளை விட்டு மேடுகளில் மட்டும் தீட்டுங்கள். தோள், முழங்கை, கைமடிப்பின் ஓரம், இந்த மூன்று இடத்தில் மட்டும் சுத்த வெள்ளை. தண்ணீர் சேர்த்து மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள். கெட்டியாகப் பூசினால் பொத்தான்கள் மூடிப்போகும். போர்ட் லூயிஸ் வெயிலில் பெயிண்ட் தட்டிலேயே காயும். ஈரத் துணிமேல் கேக் சுடும் பேக்கிங் தாள் விரித்து அதில் கலந்தால் மணிக்கணக்கில் தாங்கும்.

சிப்பாய்களுக்கு அப்போது ஒரே சீருடை கிடையாது. தலைப்பாகை, இடைக்கச்சை நிறங்களை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள்.

வேலை முழுவதும் கெடுவது பெரும்பாலும் வார்னிஷில்தான். கியூர்பீப், வாக்வா போன்ற மேட்டுநில ஊர்களில் மழைநாளில் மேட் (மினுக்கமில்லாத) வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் ஈரத்தில் வெண்புகை படிந்துவிடும். காற்று வறண்ட நாளில், 20 செ.மீ. தள்ளி, இரண்டிரண்டு நொடி அடியுங்கள். மழை விடாவிட்டால் பிரஷ்ஷால் பூசும் வார்னிஷே மேல். வெண்மை படிந்துவிட்டால் அழித்துத் தொலைக்காதீர்கள். பளபள வார்னிஷை மேலே பிரஷ்ஷால் பூசுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஆட்டத்தில் காலாட்படை நகர்வு 15 செ.மீ., ஆற்றுக்குள் பாதி. துப்பாக்கிக்கு 20 செ.மீ.; இரண்டு பொம்மைக்கு ஒரு பகடை, 5 அல்லது 6 விழுந்தால் ஒருவர் சாய்வார். நவாபின் பீரங்கி ஒரு சுற்று சுட்டால் அடுத்த சுற்று சுடக்கூடாது. அந்தக் காலப் பிரெஞ்சுத் துப்பாக்கிகள் சுட்ட வேகத்துக்கு அந்தப் பீரங்கிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிரெஞ்சுக்காரர் கரையேறிப் பயனெட்டோடு பாய்ந்தால் எதிர்க்குழு ஒரு பகடை உருட்டும். 4-க்குக் குறைந்தால் ஓட்டம்.