சவாரித் திடலில் கவனயீன ஓட்டம்: நடுவர்கள் எப்படி விசாரிப்பது

மாட்டுவண்டிப் பந்தயமான வண்டில் சவாரியில், ஒரு சோடி (வண்டிலில் பூட்டிய இரண்டு மாடுகள்) பக்கத்து ஓடுபாதைக்குள் விலகியதென்று முறைப்பாடு வந்ததும் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: மாடு மருண்டு விலகியதா, சாரதி விலக விட்டாரா? மருண்டது குற்றமல்ல. மாட்டைத் திருப்பும் நாணயக்கயிற்றைத் தளர விட்டுவிட்டுப் பின்னால் வாற சோடியைத் திரும்பிப் பார்த்ததுதான் குற்றம்.

அடுத்த சோடியை இறக்க முன்னம் தடத்தைப் பாருங்கோ. சில்லுத் தடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்து ஓடுபாதைக்குள் சரிந்திருந்தால் சாரதி திருத்தவே முயலவில்லை. ஓரிடத்தில் வெட்டித் திரும்பி, குளம்படியும் சிதறிக் கிடந்தால் மாடு மருண்டிருக்கும். இதற்கு ஓடுபாதைகளுக்கு இடையே சுண்ணாம்புக் கோடு கட்டாயம். ஒளிப்பதிவை முடிவுக்கோட்டில் நேரெதிரே நின்று எடுக்க வேணும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் விலகல் தெரியாது.

பிறகு சாரதியைத் தனியே கூப்பிட்டுக் கேளுங்கோ. மாட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் அவர்தான் பதில் சொல்லுவார்! அவுஸ்திரேலியக் குதிரைவண்டிப் பந்தயங்களிலும் அதிகாரிகள் படத்தைப் போட்டுக் காட்டி, ஓட்டியவரின் விளக்கத்தைக் கேட்டே தடை விதிக்கிறார்கள்.

தண்டனை சாரதிக்குத்தான். முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, இரண்டாவதுக்கு அடுத்த சவாரியில் தடை. மற்றச் சோடியின் வெற்றி கெட்டிருந்தால் அவர் எடுத்த இடத்தையும் பறிக்கலாம். காசுத் தண்டம் மட்டும் போட்டால் மாட்டுக்காரர் கட்டிவிட்டுப் போவார், சாரதி திருந்தார்.

ஆணிக்கம்பால் குத்துவது கவனயீனம் அல்ல, வதை. அதை இலங்கையின் 1907ஆம் ஆண்டின் விலங்குவதைச் சட்டத்தின் கீழ் பொலிஸில் கொடுங்கோ.