காணிக்கு மிச்சப் பணம்: எழுதிய திகதி எப்போது கட்டாயமாகும்?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அட்வான்ஸ் கொடுத்து, மிச்சத்தை மூன்று மாதத்தில் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் தப்பினால் காணி போய்விடுமா? பெரும்பாலும் இல்லை. தாமதத்துக்கு விற்பவர் நட்டஈடு கேட்கலாம். ஒப்பந்தத்தையே முறிக்க அது மட்டும் போதாது.

முதலில் தாளைப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புச் சட்டப்படி, காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன் கையெழுத்தாக வேண்டும். முத்திரை ஒட்டிய வெறும் தாளை வைத்துக் காணியைக் கேட்க முடியாது. அதிலுள்ள திகதியும் செல்லாது.

அடுத்து இரண்டு வாசகங்களைத் தேடுங்கள்: 'காலமே இவ்வுடன்படிக்கையின் சாரம்', 'இத்திகதிக்குள் கட்டத் தவறினால் விற்பவர் இரத்துச் செய்யலாம்'. ஒன்று இருந்தாலும் திகதி கட்டாயம். தாள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால், தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை, கூச்சப்பட ஒன்றுமில்லை. அட்வான்ஸ் பறிபோகுமா என்பது வேறு வாசகம், அதையும் கேளுங்கள்.

இரண்டுமே இல்லையென்றால், விற்பவர் நியாயமான அவகாசம் கொடுத்து, 'இதற்குள் கட்டாவிட்டால் முறிப்பேன்' என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும். வங்கிக் கடன் பாதியில் நிற்கிறது என்று தெரிந்தே இரண்டு நாள் கொடுத்தால் அது அவகாசமாகாது. காணியின் ஈட்டை மீட்காமல், பிளான் தராமல் தன் பங்கை விட்டுவைத்த விற்பவரும் உங்கள் திகதியைப் பிடித்துத் தொங்க முடியாது.

பிந்திய தவணையை இரண்டு முறை வாங்கியவர், மூன்றாவதற்குத் திடீரென முறிப்பதும் கடினம். முதலில் அறிவிக்க வேண்டும். ஆனால் இதை நம்பி இருக்காதீர்கள். 'பரவாயில்லை, அடுத்த மாசம் தாங்க' என்ற வாய்ச்சொல் வழக்கில் மறுக்கப்படும். நீடிப்பையும் நொத்தாரிசிடமே எழுதுங்கள்.

எழுதும்போது 'மூன்று மாதத்துக்குள்' என்று விடாமல் நாளையும் நேரத்தையும் குறியுங்கள். போயாவில் வங்கி பூட்டு, நாட்காட்டியைப் பார்த்தே திகதி போடுங்கள். கடனிலோ சேமலாப நிதிப் பணத்திலோ வாங்குவதானால், 'பணம் விடுவிக்கப்பட்டு 14 நாளுக்குள்' என்று கேளுங்கள். மண்சரிவுப் பகுதியில் வீடு கட்டவே வாங்குவதானால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கிடைக்கும் காலத்தையும் சேருங்கள். கையெழுத்தானதும் காணிப் பதிவகத்தில் பதியவையுங்கள்.

கடைசி நாளில் பே ஓடரோடு நொத்தாரிசு அலுவலகத்துக்கே போங்கள். விற்பவர் வராவிட்டால், பணத்தோடு வந்து காத்திருந்ததை எழுதி அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டையும் பே ஓடரின் பிரதியையும் ஒன்றாகப் பின் பண்ணி வையுங்கள்.