பள்ளி மொட்டைமாடியில் சோலார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்குப் போடும் கணக்கை அப்படியே பள்ளிக்கும் போடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. பள்ளிக்கு மின்சாரம் வேண்டியது பகலில். அந்த வகையில் சோலாருக்கு இவ்வளவு பொருத்தமான கட்டிடம் வேறில்லை. ஆனால் வருடத்தில் சுமார் 220 நாள்தான் வகுப்பு. வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பேனல் வேலை செய்யும், மின்விசிறி ஓடாது.

அதனால் பேனலுக்கு விலை கேட்பதற்கு முன் மின்விசிறிகளை எண்ணுங்கள். பத்து வகுப்பறை, ஒவ்வொன்றிலும் 75 வாட் மின்விசிறி நான்கு, 20 வாட் எல்.இ.டி. டியூப் நான்கு என்றால் மொத்தம் 3.8 கிலோவாட். ஏழு மணி நேரத்துக்குச் சுமார் 27 யூனிட். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தருவதால் 7 கிலோவாட் தேவைப்படும். மின்விசிறிகளை மின்சாரம் குறைவாக எடுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. மோட்டார் வகையாக மாற்றினால் 14 யூனிட் போதும். 4 கிலோவாட்டில் வேலை முடிந்துவிடும். விடுமுறை நாளில் மிஞ்சும் யூனிட்டுக்கு என்ன விலை, எப்படிக் கழிப்பார்கள் என்பதை மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்கிய பிறகு அளவை முடிவு செய்யுங்கள்.

நிழல் பார்ப்பதில் நடக்கும் தவறு நம் ஊருக்கே உரியது. பேனல் தெற்கு பார்த்து இருக்க வேண்டும் என்பதால் தெற்கே மட்டும் மரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மதுரையில் ஜூன் மாத உச்சி வெயிலில் சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்து 13 டிகிரிக்கு மேல் வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கே இருக்கும் உயரமான தண்ணீர்த் தொட்டியின் நிழல் அப்போது தெற்கே பேனல்மீது விழும். டிசம்பரில் இதற்கு நேர்மாறு: காலை 9 மணிக்கு மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் நிழல் நாலடிக்கு மேல் நீளும். தொடராக இணைத்த பேனல்களின் அடி வரிசை முழுக்க அந்த நிழல் பட்டால், மேலே நல்ல வெயில் இருந்தும் உற்பத்தி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். ஆகவே இரண்டு பருவத்தின் நிழலையும் தரையில் கோடு போட்டுப் பார்த்துவிட்டே பேனலைத் தாங்கும் சட்டத்தைப் பொருத்த வேண்டும். சாய்வு 10 முதல் 13 டிகிரி போதும்.

கரண்ட் போனாலும் சோலார் ஓடும் என்று நம்பி, மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் வாங்குவது அடுத்த தவறு. கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க, லைன் போனவுடன் அது தானாக நின்றுவிடும், நிற்கத்தான் வேண்டும். கணினி அறைக்கு மட்டும் மின்சாரம் தொடர வேண்டுமானால் அதற்கெனத் தனி பேட்டரி இன்வெர்ட்டர் வையுங்கள். லெட் ஆசிட் பேட்டரியை வகுப்பறை மூலையில் வைக்கக் கூடாது; சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், காற்றோட்டமும் பூட்டும் உள்ள இடம் வேண்டும்.

தட்டோடு பதித்த மாடியில் துளை போட்டால் அடுத்த ஐப்பசியில் வகுப்பறை ஒழுகும். கான்கிரீட் கட்டை மேல் சட்டம் நிற்கட்டும். கட்டையின் எடையை அந்த ஊர்க் காற்றுக்கேற்பப் பொறியாளர் கணக்கிட வேண்டும். பேனலைக் கழுவுவது காலை 8 மணிக்குள். சுட்டுக் கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்புத் தண்ணீர் என்றால் கறை படியாமல் உடனே துடைத்துவிட வேண்டும்.

பாடத்துக்காக மாணவர்களை மாடி பேனலில் மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) வைக்கச் சொல்வது மிகப் பெரிய தவறு. பத்து பேனல் தொடராக இருந்தால் அங்கே 500 வோல்ட் வரை டி.சி. (நேர்திசை மின்னோட்டம்) இருக்கும்; ஓடும்போது இணைப்பைப் பிரித்தால் எழும் தீப்பொறி எளிதில் அணையாது. 10 வாட், 12 வோல்ட் சிறு பேனல் ஒன்று வகுப்புக்குப் போதும். அதிலும் வோல்ட்டை மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். வெயில் ஏறிய காலை 8 மணிக்கும் நண்பகலுக்கும் அது 20 வோல்ட்டை ஒட்டியே காட்டும். வெயிலுக்கும் பேனலுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிள்ளைகள் எழுதி வைப்பார்கள். மாறுவது ஆம்பியர்தான்: நண்பகலில் சுமார் 0.6, காலையில் அதில் சிறு பங்கு. ஒரே ஒரு செல்லை அட்டையால் மூடச் சொல்லுங்கள், ஆம்பியர் சரிவது கண்ணெதிரே தெரியும். அளந்து முடித்ததும் மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் பேட்டரியில் வைத்தால் அது நேர் ஷார்ட் சர்க்யூட்; ஃபியூஸ் இல்லாத மலிவு மீட்டரானால் ஒயர் கையிலேயே சுடும்.