பட்டா மாறுதலுக்கு வட்டாட்சியர் அலுவலகம் செல்வோருக்கு

சாதிச் சான்று, வருமானச் சான்று போன்றவை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த பின், கைப்பேசிக்கு வரும் ஒரு குறுஞ்செய்தியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. பட்டா மாறுதல் அவ்வளவு எளிதில் முடிவதில்லை. இதற்கு அலுவலர்களின் குணம் மட்டும் காரணமன்று. கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), நில அளவர், மண்டலத் துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என ஒரே வேலையில் பலருடைய கை பட வேண்டியிருப்பதால், கோப்பு எவரிடம் நிற்கிறது என்பது மனுதாரருக்குத் தெரியாமலே போகிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசுகிறவருக்கு நல்ல அலுவலர் விரைவாக உதவ முடிகிறது. உதவ மனமில்லாதவருக்கும் தட்டிக்கழிக்க இடம் குறைகிறது.

ஆகவே, உங்கள் விண்ணப்பம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு புல எண்ணுக்கு (சர்வே எண்ணுக்கு) உரிய நிலம் முழுவதையும் வாங்கியிருந்து, விற்றவர் பெயரிலேயே பட்டாவும் இருந்தால், பத்திரப் பதிவு முடிந்ததும் கணினி வழியே தானாகப் பெயர் மாறும் ஏற்பாடு இப்போது உள்ளது. புலத்தின் ஒரு பகுதியை மட்டும் வாங்கியிருந்தால், நில அளவர் நேரில் வந்து அளந்து, புலப்படத்தில் எல்லை குறித்துப் புதிய உட்பிரிவு எண் தந்த பிறகே பட்டா கிடைக்கும். இந்த இரண்டாம் வகையில் வி.ஏ.ஓ.வைத் திரும்பத் திரும்பச் சென்று பார்ப்பதால் பயனில்லை; அவரால் நிலத்தை உட்பிரிவு செய்ய இயலாது. ஊர்க் கணக்கையும் வரி வசூலையும் பார்த்துவந்த பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்ட பின்னும், ஊர்க் கணக்கு முழுவதும் ஒருவர் கையில்தான் இருக்கிறது என்ற நினைப்பு நம்மிடமிருந்து இன்னும் போகவில்லை.

விற்றவருடைய பெயரில் பட்டா இருக்கிறதா என்பதை வருவாய்த் துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்த்துவிடலாம். பட்டா அவருடைய இறந்துபோன தந்தையின் பெயரிலேயே நின்றிருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் இல்லாமல் எந்த அலுவலரும் கையெழுத்திட மாட்டார், இடவும் கூடாது. பத்திரத்தில் ‘மு. ராமசாமி’ என்றும் பட்டாவில் ‘ராமசாமிக் கவுண்டர்’ என்றும் இருப்பது போன்ற பெயர் வேறுபாடுகளும் மனு திரும்பி வரக் காரணமாகின்றன. இவற்றை விளக்கும் ஆவணத்தைக் கிரயப் பத்திரம், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றோடு முதலிலேயே இணைத்துவிடுவது நல்லது.

நேரில் செல்வதாக இருந்தால் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடப்பதால், வட்டாட்சியரோ அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரோ அங்கே போயிருக்கக்கூடும். தேர்தல், வெள்ள நிவாரணம் போன்ற காலங்களிலும் வழக்கமான கோப்புகள் அசையா.

எந்த மனுவையும் கையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள் என்பதே இந்தக் கட்டுரையில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. இணையவழி விண்ணப்பம் என்றால் விண்ணப்ப எண்ணும் ஒப்புகைச் சீட்டும் உண்டு. தாளில் எழுதிக் கொடுத்தால், தபால் பிரிவில் நகலின் மீது தேதியும் முத்திரையும் பெற வேண்டும்; தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சில நாள்கள் கழித்துச் சென்று, எந்தப் பிரிவுக்குப் போயிற்று, ந.க. எண் (கோப்புக்கு அலுவலகம் இடும் எண்) என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணின் கடைசியில் வரும் அ1, ஆ2 போன்ற குறியீடு, கோப்பைக் கையாளும் எழுத்தருடைய இருக்கையைக் காட்டும். ஒவ்வொரு எழுத்தரும் தம்மிடம் வரும் தாள்களைத் தன்பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது அலுவலக நடைமுறை. ஆகவே எண்ணைச் சொல்லிக் கேட்பவரிடம் “அப்படி ஒரு மனுவே வரலையே சார்” என்று சொல்வது எளிதன்று.

இனி, எதிரே இருப்பவரின் பதிலை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பார்ப்போம். “முடியாது” என்ற சொல்லுக்குள் பல பொருள்கள் இருக்கின்றன. தமக்கு அதிகாரமில்லாததால் சொல்பவர் உண்டு. ஆவணம் குறைவதால் சொல்பவர் உண்டு. பின்னால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சத்தில் சொல்பவரும் உண்டு. இவர்களையெல்லாம் பணத்துக்காக இழுத்தடிப்பவர்களோடு சேர்த்து எண்ணிச் சண்டையிடுவதால்தான் நம்மில் பலர் உதவக்கூடிய ஒருவரையும் இழந்துவிடுகிறோம். “என்ன குறைகிறது என்று எழுதிக் கொடுத்தால் கொண்டுவந்து விடுகிறேன், ஐயா” என்று அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். உண்மையில் உதவ நினைப்பவர் ஒரு துண்டுத் தாளிலாவது எழுதித் தருவார், அல்லது எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று கைகாட்டுவார். எழுதவும் மாட்டேன், நிராகரிக்கவும் மாட்டேன், “நாளைக்கு வாங்க” என்று மட்டும் சொல்பவரிடம் உள்ள நோக்கம் வேறு. பல அலுவலகங்களில் மிகுந்த உதவி செய்பவர் உயர் அலுவலராக இருப்பதில்லை. நீண்ட காலம் பணியாற்றிய இளநிலை உதவியாளரோ கிராம உதவியாளரோதான் கோப்பின் போக்கை நன்கு அறிந்திருப்பார். அவர்களிடம் மரியாதையாகப் பேசுவதற்குத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை.

வாசலில் நிற்கும் இடைத்தரகர் கேட்பதும், உள்ளே ஒருவர் சாடையாகக் கேட்பதும் வேறு வேறாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் விடை ஒன்றே. ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பின், லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாள்களுக்குள் புகார் அளித்தவருக்கே பாதுகாப்பு உண்டு. கொடுப்பதற்கு முன்னரே லஞ்ச ஒழிப்புத் துறையில் எழுத்து மூலம் தெரிவிப்பதே சரியான வழி. செய்தித்தாள்களில் நாம் படிக்கும் ரசாயனம் தடவிய நோட்டுகள் அங்கிருந்துதான் வருகின்றன. அந்த நோட்டுகளில் தடவிய ஃபினாப்தலின் பொடி பட்ட விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும்.

பணமும் கேட்காமல், வேலையும் செய்யாமல் இருப்பவர்களிடம் வேலை வாங்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 பெரிதும் பயன்படுகிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய தாளில், “ஏன் தாமதம்?” என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. என் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் சென்றது, ஒவ்வொருவரும் எத்தனை நாள் வைத்திருந்தனர், குறிப்புக் கோப்பின் (அலுவலர்கள் தம் கருத்தை எழுதும் கோப்பின்) நகல் வேண்டும் என்று ஆவணத்தைக் கேளுங்கள். கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. முப்பது நாளில் பதில் வராவிட்டால், அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன் பின் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் செல்லலாம். பல நேரங்களில், பதில் வருவதற்கு முன்பே பட்டா வந்துவிடுகிறது.

முதலமைச்சரின் உதவி எண் 1100-இல் பதிவு செய்வதும் நல்லதே. ஆனால் அந்தப் புகார் இறுதியில் அதே வட்டாட்சியரிடம்தான் விளக்கத்துக்கு வரும் என்பதால், ந.க. எண்ணைக் குறிப்பிடாத புகாரால் பெரும் பயன் விளைவதில்லை. பசலி ஆண்டு எனப்படும் வருவாய்க் கணக்கு ஆண்டு ஜூன் 30-இல் முடியும் என்பதால், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் நடக்கும் ஜமாபந்தி என்ற ஆண்டுக் கணக்குத் தணிக்கை இதைவிடச் சிறந்த வாய்ப்பு. அங்கே கிராமக் கணக்குகளோடு உங்கள் மனுவும் மேலதிகாரியின் முன் வைக்கப்படுகிறது. மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தோடு கூடிய ஆணையைக் கேட்டுப் பெறுங்கள். அந்த ஆணை இருந்தால்தான் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன் பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் கோர முடியும்.

வேலையை முறையாக முடித்துக் கொடுத்தவரைப் பற்றி அவருடைய மேலதிகாரிக்கு நான்கு வரி எழுதி அனுப்புங்கள். புகார் மனுக்கள் மட்டுமே வந்துசேரும் இடத்தில் அத்தகைய கடிதம் அரிது. பணத்தைவிடத் தூய்மையான கைம்மாறும் அதுவே. பட்டா கைக்கு வந்த அன்றே பெயர், தலைப்பெழுத்து, உட்பிரிவு எண், பரப்பு ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பிழை இருந்தால் அதே வாரத்தில் திருத்த மனு கொடுத்துவிடுங்கள். கையெழுத்திட்ட அலுவலர் மாறுதலாகிப் போய்விட்டால், புதிதாக வருபவர் கோப்பை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.